அடம் அல்ல, அவஸ்தை!



இந்தத் தடவை சமையல் குறிப்போ, ஊறுகாய்ப் பக்குவமோ எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதப் போகிறேன். எழுதலாமா, வேண்டாமா என்று என் ஓரகத்தியிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா. யாராவது ஒரு அம்மாவுக்கு உபயோகப்பட்டா சரி. பிள்ளை பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றாள். அதனால் அவள் பிள்ளையைச் 'சின்னவன்' என்றே சொல்கிறேன்.

படப்பையில் நாங்கள் கீழே, கொழுந்தன் குடும்பம் மாடியில். சமையல் ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை ஏழு மணி. ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று எல்லோரும் பறக்கிற நேரம். சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். அவ்வளவுதான். நாலரை வயசுச் சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். சுவரில் தலையை முட்டினான். தன் கையையே கடித்துக்கொண்டான்.

எனக்கு எரிச்சல். "ரெண்டு போடு போட்டா தானா அடங்குவான். நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டேன். ஓரகத்தி பதில் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவள், மத்தியானம் வரை கீழே வரவேயில்லை. சாப்பிடவும் இல்லை.

நான் மட்டுமா? "கர்ப்பத்துல என்னத்தைச் சாப்பிட்டாளோ" என்று அத்தை சொல்வார்கள். "போனைக் கையில குடுத்தா இப்படித்தான்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். எட்டாம் நாளே, "மத்தப் பிள்ளைங்க படிப்பு கெடுது, இனிமே அழைச்சிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி கொழுந்தனார், "எங்கேயாவது ஹாஸ்டல்ல விட்டுட வேண்டியதுதான்" என்று சொன்னது எங்கள் அறை வரை கேட்டது. அதற்குப் பிறகு அவள் அழுததும் கேட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு, ஆட்டிஸம் இருக்கிறது, அறிவு வளர்ச்சியும் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது என்றார். முட்டுக்காட்டில், பலவகைக் குறைபாடுகள் உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. என்.ஐ.இ.பி.எம்.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அங்கே போகச் சொன்னார்கள். வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று வண்டி மாறி மாறிப் போகிற தூரம். கொழுந்தனாருக்கு லீவு இல்லை. துணைக்கு நான் போனேன். ஒரகடத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் ஹாரன் அடிக்கும்போது அந்தப் பிள்ளை உடம்பு தூக்கிப் போட்டதை அன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடம் பிடிக்கிற பிள்ளைக்கு இப்படி உடம்பு நடுங்காது. எனக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது.

தெரபிஸ்ட் அம்மாள் ஒருவர் எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அதை நம் அடுப்படிப் பாஷையில் சொல்கிறேன்.

டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், ஃபேன் சுற்றும், தெருவில் காய்கறிக்காரர் கூவுவார். ஆனாலும் பால் பொங்குகிற சத்தம் மட்டும் நம் காதில் பளிச்சென்று விழுகிறது இல்லையா? நம் மூளைக்குள் ஒரு சல்லடை இருக்கிறது. வேண்டாததைத் தள்ளி, வேண்டியதை மட்டும் கீழே விடுகிறது. ஆட்டிஸம் உள்ள பல குழந்தைகளுக்கு அந்தச் சல்லடை வேறு மாதிரி. சில விஷயங்களுக்குக் கண் பெரிசு, எல்லாம் கொட்டிவிடும். நமக்கு வெறும் மிக்ஸிச் சத்தம். அவனுக்குக் காதுக்குள்ளே துளைபோடுகிற மாதிரி. வேறு சில விஷயங்களுக்குக் கண் ரொம்பச் சின்னது, ஒன்றுமே இறங்காது. அப்போது அந்தக் குழந்தை தானே தேடிப் போகும். குதிக்கும், சுற்றும், சட்டைக் காலரை மெல்லும், இடுக்கில் போய் நசுங்கி உட்காரும்.

நாம் ஐம்புலன் என்று படித்திருக்கிறோம். அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். ஒன்று, உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு. ஊஞ்சல் ஆடினால் தெரிவது அது. இன்னொன்று, கை கால் எங்கே இருக்கிறது என்று மூட்டும் தசையும் சொல்லும் உணர்வு. இருட்டில் தம்ளரை வாய்க்குச் சரியாகக் கொண்டுபோகிறோமே, அது. அமெரிக்காவின் தொழிற்சிகிச்சை நிபுணரும் மனோதத்துவ அறிஞருமான ஜீன் அயர்ஸ் இதையெல்லாம் ஆராய்ந்து 1972-ல் புத்தகமே எழுதினார். ஆனால் ஆட்டிஸத்தின் அடையாளங்களில் ஒன்றாக இந்தப் புலன் வித்தியாசத்தை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சேர்த்தது 2013-ல்தான். படித்தவர்களுக்கே அத்தனை காலம் ஆகியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை என்று கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

தாய் மேல் பழி

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1943-ல் லியோ கானர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆட்டிஸம் என்று இன்று நாம் சொல்வதைத் தெளிவாக விவரித்த முதல் கட்டுரைகளில் அது ஒன்று. அதற்குப் பிறகு பல வருஷம், 'பாசமில்லாத தாயால்தான் இது வருகிறது' என்று பெரிய பெரிய நிபுணர்களே சொல்லித் திரிந்தார்கள். அது தவறு, இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் புத்தகம் எழுதினார். அவரே ஆட்டிஸம் உள்ள ஒரு பிள்ளையின் தகப்பனார்! இதில் பிறவிக் கூறுகளுக்குத்தான் பெரிய பங்கு என்பது இன்று தெளிவாகிவிட்டது. தாய் சாப்பிட்ட பப்பாளியும் காரணமில்லை, கொடுத்த செல்லமும் காரணமில்லை. தடுப்பூசியும் காரணமில்லை. ஊசிதான் காரணமோ என்று சந்தேகம் கிளப்பிய 1998-ம் வருஷக் கட்டுரையை, வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் வாபஸ் வாங்கிவிட்டது. ஆகவே பயந்து தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள்.

அடையாறுக்கு வந்த அம்மையார்

'புலன் வழிக் கல்வி' என்றதும் ஏதோ புது ஃபாஷன் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லை. இத்தாலியில் மரியா மாண்டிசோரி என்ற பெண் டாக்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரோம் நகரத்தில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வேலை செய்தார். செகான் என்ற பிரெஞ்சு டாக்டரின் வழியைப் பின்பற்றி, தொட்டும் உருட்டியும் எடை பார்த்தும் கற்கிற சாமான்களைச் செய்தார். அந்தப் பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். 'அப்படியானால் மற்றப் பிள்ளைகளுக்கும் இது ஆகுமே' என்று 1907-ல் அவர் ஆரம்பித்ததுதான் இன்று ஊருக்கு ஊர் இருக்கும் மாண்டிசோரிப் பள்ளி. முதலில் யாருக்காக வந்த படிப்பு, கடைசியில் யார் கைக்குப் போயிற்று பாருங்கள்!

அந்த அம்மையார் 1939-ல் நம் அடையாறு பிரும்மஞான சபைக்கே வந்து 300-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் வந்துவிட்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கும்படி ஆயிற்று.

நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதித்தானே படித்தார்கள்? விஜயதசமிக்கு இன்றும் நெல்லிலோ அரிசியிலோ விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறோம். கண்ணுக்கு முன்னால் விரல் கற்றுக்கொள்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல.

நோட்டுப் புத்தகம்

தெரபிஸ்ட் அம்மாள் மருந்தும் தரவில்லை, சாமானும் வாங்கச் சொல்லவில்லை. "பதினைந்து நாள் நோட்டுல எழுதுங்க. எப்போ கத்தினான், அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, எதுல அமைதியானான், இந்த மூணு போதும்" என்றார். ஓரகத்திக்கு வேலை ஓயாது. நான் எழுதினேன்.

பதினைந்து நாளில் தெரிந்தது இது. மிக்ஸி, குக்கர் விசில், பெருங்காயம் பொரிகிற வாசனை, கண் சிமிட்டுகிற பழைய ட்யூப்லைட், சட்டைக் கழுத்தில் இருக்கும் நைலான் லேபிள், குழைந்த சாதம் - இவை ஆகாது. அரிசி மூட்டை மேல் சாய்வது, பீரோ இடுக்கு, தூளி, இறுக்கிக் கட்டிக்கொள்வது - இவை பிடிக்கும். கோபமில்லாமல், காரணமில்லாமல் அவன் கத்தியது ஒரு நாள்கூட இல்லை. அந்த நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வீட்டில் செய்ததைச் சொல்கிறேன்.

லேபிள்களை எல்லாம் தையல் பிரித்து எடுத்தோம். ட்யூப்லைட்டை மாற்றினோம். சாதத்தை உதிரியாக வடித்தோம். இதற்கு ஆன செலவு ஒரு பல்பு.

மிக்ஸிக்கு மட்டும் இரண்டு மாசம் ஆயிற்று. முதலில் காலி ஜாரைக் கையில் கொடுத்து விளையாட விட்டோம். பிறகு அவன் மாடியில் இருக்கும்போது மட்டும் அரைத்தேன். பிறகு கூடத்தில் அவனை உட்கார வைத்து, கம்பெனிகளில் காதில் மாட்டுகிற சத்தத் தடுப்பானை மாட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிவிட்டு ஒரே ஒரு விநாடி ஓட்டினேன். எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் அதிகம் பயமுறுத்துமாம். கடைசியில் பொத்தானையே அவன் கையில் கொடுத்தோம்.

படிப்புக்கு முன்னால் உடம்புக்கு வேலை. சப்பாத்தி மாவைக் குத்திப் பிசைவான், சுவரை இரண்டு கையாலும் தள்ளுவான், அரை வாளித் தண்ணீரைச் செடிக்குத் தூக்கிப் போவான். பத்து நிமிஷம் இப்படிச் செய்தால், அடுத்த பத்து நிமிஷம் உட்காருகிறான். பிறகு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி எழுத்து, எண். சொரசொரப்புத் தாளில் வெட்டிய 'அ', 'ஆ'. ஒரு பையில் சொப்பு, ஸ்பூன், சீப்பு போட்டு, பார்க்காமல் தொட்டு எடுக்கிற விளையாட்டு. அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது, வெளியே போவது எல்லாவற்றையும் படமாக்கிச் சுவரில் வரிசையாக ஒட்டினோம்.

நெதர்லாந்தில் 1970-களில் மங்கலான வெளிச்சமும், மெல்லிய இசையும், மெத்தென்ற தரையுமாக இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி அறை அமைக்க ஆரம்பித்தார்கள். 'ஸ்னூஸலன்' என்று பெயர். முகர்வது, தூங்கி வழிவது என்ற இரண்டு டச்சு வார்த்தைகளைச் சேர்த்த பெயராம். இன்றைக்கு அந்தச் சாமான்களின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எங்கள் வீட்டில் மேஜை மேல் ஒரு பழைய பருத்திப் புடவையைப் போர்த்தினோம். உள்ளே இரண்டு தலையணை, மினுக்காமல் எரிகிற ஒரு சின்ன விளக்கு. சத்தம் அதிகமானால் அவனே போய் உள்ளே உட்கார்ந்துகொள்கிறான். அது தண்டனைக்கான இடம் இல்லை. உள்ளே இருக்கும்போது யாரும் இழுக்கக்கூடாது என்று வீட்டில் சட்டம்.

நடக்கவும் பேசவும் முடியாத, கண்ணோ காதோ சேர்ந்து பாதிக்கப்பட்ட குழந்தைகள் இருந்தால், 'தொடு அடையாளம்' உதவும். பாலுக்கு முன்னால் எப்போதும் அதே தம்ளரைத் தொடக் கொடுக்க வேண்டும்; குளிக்க முன்னால் அதே துண்டு; வெளியே போக அதே செருப்பு. நாளாக ஆகத் தம்ளரைத் தொட்டதும் வாய் திறக்கும், முகம் மலரும். அதுதான் அந்தக் குழந்தையின் பேச்சு. முக்கியமானது, கொடுத்துவிட்டு நாம் காத்திருக்க வேண்டும். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவசரக்காரர்களான நமக்குப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம்!

ஜாக்கிரதை

ரவை, அரிசி, மணி எதுவானாலும் வாயில் போட்டுக்கொள்ளும், மூச்சுக்குழாயில் அடைக்கும். ஒரு கண் அங்கேயே இருக்க வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு மினுக்கும் விளக்கு வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் வேகமாகச் சுற்றவும் வேண்டாம். முகத்தை மூடிப் போர்த்தக்கூடாது. கனமான போர்வையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பிடிக்காததைக் கையைப் பிடித்துத் தொட வைக்காதீர்கள். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்தான். நாலைந்தை ஒன்றாகச் செய்தால் எது உதவியது என்றே தெரியாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஆட்டிஸத்தைப் போக்கிவிடாது. புலன் சிகிச்சைக்கு ஆதாரம் இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் சொன்னது. ஆகவே 'முடி வெட்டும்போது ஐந்து நிமிஷம் உட்கார வேண்டும்' என்பது போல ஒரு சின்ன இலக்கை வைத்துக்கொண்டு, சில மாசம் செய்து பார்த்து, பலன் இல்லையென்றால் மாற்றிக்கொள்ள வேண்டும். பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி இரண்டையும் விட்டுவிடக்கூடாது. 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும்' என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆட்டிஸத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

சட்டம் நம் பக்கம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதில் உள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிஸமும் ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்றிதழ் இருந்தால், 6 வயசிலிருந்து 18 வரை இலவசக் கல்வி உரிமை. அரசுப் பள்ளிகளுக்காக வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள். யு.டி.ஐ.டி. அட்டை எடுத்து வையுங்கள். 1999-ம் வருஷச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு, வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கும். தெரபிச் செலவும் அதில் சேரும். சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் 1985 முதல் நடந்துவரும் வித்யாசாகர் இருக்கிறது.

எங்கள் சின்னவன் இப்போது அரசுப் பள்ளிக்குப் போகிறான். முழு நாள் இல்லை, மத்தியானம் வரைக்கும்தான். ஹாஸ்டல் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தூளியை ஆட்டுவது கொழுந்தனார்தான்.

போன தை மாசம் என் நாத்தனார் பெண்ணுக்குத் தாம்பரத்தில் கல்யாணம். மூன்று வருஷமாக எந்த விசேஷத்துக்கும் வராத ஓரகத்தியை, "வாம்மா, நான் இருக்கேன்" என்று அழைத்தேன். மண்டபத்தின் வாசலுக்குப் பக்கத்தில் கடைசி நாற்காலிகள். பையில் காதுத் தடுப்பான், அவன் தலையணை, ஒரு டப்பா முறுக்கு. கல்யாணப் படங்களை ஒரு வாரம் முன்னாலிருந்தே காட்டி வைத்திருந்தோம். கெட்டிமேளம் கொட்டும்போது அவன் என் மடியில் முகத்தை அழுத்திக்கொண்டான். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அலறவில்லை. 20 நிமிஷம் இருந்தோம். அவன் எழுந்து செருப்பைக் காட்டினான். உடனே கிளம்பிவிட்டோம், சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. கார் ஏறியதும் ஓரகத்தி, "அக்கா, தாலி கட்டினதைப் பார்த்துட்டேன்" என்றாள்.

அன்று ராத்திரிதான் நான் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குக்கா?" என்றாள். மிக்ஸியைக் காட்டினேன். "அதை நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றாள். மறந்திருக்க மாட்டாள். நானும் மறக்கவில்லை.

சகோதரிகளே, பஸ்ஸிலோ கோவிலிலோ ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், அந்தத் தாயை முறைத்துப் பார்க்காதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுங்கள், அது போதும்.

எங்கள் வீட்டில் இப்போது தினமும் காலை ஏழு மணிக்குத் தேங்காய், பச்சை மிளகாய், உப்பு எல்லாம் ஜாரில் தயாராக இருக்கும். நான் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சின்னவன் இறங்கி வந்து, மூன்று விரல் காட்டி, பொத்தானை அழுத்திய பிறகுதான் சட்னி.